உற்றுப் பார்த்தால் மறையும் விண்மீன்

"நேராகப் பார்", "கரும்பலகையைக் கவனி", "நன்றாக உற்றுப் பார்" என்று நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் நாம். கண் எங்கே இருக்கிறதோ அங்கேதான் கவனமும் இருக்கும் என்பது வகுப்பறையில் நமக்குள்ள நம்பிக்கை. இரவு வானத்தில் இந்த நம்பிக்கை செல்லாது. மங்கலான ஒரு விண்மீனை நேராக உற்றுப் பார்த்தால் அது மறைந்துவிடும். பார்வையைச் சற்று விலக்கி அருகில் வேறோர் இடத்தைப் பார்த்தால் மீண்டும் தோன்றும். மறுபடி அதையே நேராகப் பார்த்தால் மறுபடியும் காணாமல் போகும்.

கும்மிடிப்பூண்டி ஒன்றியத்தில் உயர்நிலை வகுப்புகளுக்கு அறிவியல் கற்பிக்கிறேன். பத்தாம் வகுப்பு ஒளியியல் பாடத்தில் மனிதக் கண்ணை நடத்தி முடித்ததும், கார்த்திகை விண்மீன் கூட்டத்தில் எத்தனை மீன்கள் தெரிகின்றன என்று வீட்டு மொட்டைமாடியிலிருந்து எண்ணிவரச் சொல்வது என் வழக்கம். சிலர் ஐந்து என்பார்கள், சிலர் ஆறு என்பார்கள், சிலர் "ஒரு பஞ்சு மாதிரி தெரியுது" என்பார்கள். ஓராண்டு ஒரு மாணவி, "சார், உத்துப் பார்த்தா காணோம், பக்கத்துல வேற எங்கயாவது பார்த்தா தெரியுது" என்றாள். வகுப்பு சிரித்தது. அவள் சொன்னதோ துல்லியமான ஓர் அறிவியல் கூர்நோக்கு. இதே உண்மையை எழுதிவைத்தவர்களின் வரிசை ஏறத்தாழ 2,300 ஆண்டுகள் நீளமானது. அந்த வரலாற்றையும், அதன் காரணத்தையும், நம் பகுதிப் பிள்ளைகளைக் கொண்டு அதை எப்படிச் செய்து பார்க்கலாம் என்பதையும் இந்தக் கட்டுரையில் பகிர்ந்துகொள்கிறேன்.

நாயின் தொடையில் ஒரு விண்மீன்

நாம் அறிந்தவரை இதைப் பற்றிய மிகப் பழைய குறிப்பு கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டிலுடையது. கி.மு. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அவர், வானிலை பற்றிய தம் நூலின் முதல் பகுதியில் வால்மீன்களைப் பற்றி ஆராய்கிறார். கோள்கள் ஒன்றையொன்று நெருங்குவதால்தான் வால் தோன்றுகிறது என்று அவர் காலத்தில் சிலர் கூறினர். அதை மறுக்க, இடம் மாறாத விண்மீன்களுக்கும் வால் தோன்றுவதுண்டு என்கிறார். அதற்குத் தாமே கண்ட சான்றாகப் பெருநாய் விண்மீன் கூட்டத்தில், நாயின் தொடைப்பகுதியில் உள்ள ஒரு மீனைக் குறிப்பிடுகிறார். அந்த வால் மங்கலானது. அதையே உற்று நோக்கினால் ஒளி குறைந்துவிடும், பார்வையை லேசாக அதன் பக்கம் செலுத்தினால் ஒளி கூடும் என்பது அவர் தரும் விவரம்.

அவர் பார்த்தது சிரியஸ் விண்மீனுக்குத் தெற்கே சுமார் 4 டிகிரி தள்ளியுள்ள எம்-41 என்ற விண்மீன் திரளாக இருக்கலாம் என்று வானியலாளர்கள் சிலர் கருதுகின்றனர். அது எதுவாயினும், நமக்கு முக்கியமானது வேறொன்று. ஏன் அப்படித் தெரிகிறது என்று அரிஸ்டாட்டில் விளக்கவில்லை. கண்டதைக் கண்டபடி எழுதிவைத்தார். விளக்கம் வர இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

அருந்ததியைக் காட்டும் முறை

இங்கே நம் திருமணங்களில் அருந்ததி பார்க்கும் வழக்கம் நினைவுக்கு வரும். சங்க இலக்கியத்தில் வடமீன் என்று பேசப்படும் அந்த விண்மீன், சப்தரிஷி மண்டலத்தில் வசிட்டருக்கு அருகில் இருக்கிறது. வசிட்டர் பளிச்சென்று தெரியும், அருந்ததி மங்கல். இரண்டுக்கும் இடையே உள்ள தொலைவு நிலவின் அகலத்தில் பாதிக்கும் குறைவு.

மங்கலான அருந்ததியை எடுத்த எடுப்பில் காட்ட முடியாது. முதலில் அருகில் உள்ள பெரிய மீனைக் காட்டி, பிறகு அதிலிருந்து சிறியதற்கு நகர்த்த வேண்டும். வடமொழித் தருக்க மரபில் இதற்கு 'ஸ்தூல அருந்ததி நியாயம்' என்றே பெயர். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லுதல் என்று ஆசிரியர் பயிற்சியில் நாம் படித்த கற்பித்தல் விதியும் இதுதான்.

ஆனால் அருந்ததி பார்ப்பதும் நாம் பேசும் ஓரப்பார்வையும் ஒன்றல்ல. அருந்ததி வசிட்டருக்கு மிக நெருக்கம். பார்வையை அதிகம் விலக்கினால் கூர்மை குறைந்து இரண்டும் ஒன்றாகக் கலந்து தெரியக்கூடும். அருந்ததி மரபு, மங்கலான பொருளை எங்கே தேடுவது என்று கற்றுத்தருகிறது. அந்த இடத்தை அடைந்த பிறகு கண்ணை எப்படி வைத்துக்கொள்வது என்பதை ஓரப்பார்வை கற்றுத்தருகிறது. மாணவர்களுக்கு இரண்டும் தேவை.

1824: கூர்நோக்கு சரி, காரணம் தவறு

ஓரப்பார்வை ஒரு முறையாகவே வானியல் ஆய்வுக் கட்டுரையில் இடம்பெற்றது 19ஆம் நூற்றாண்டில். இங்கிலாந்தின் ஜான் ஹெர்ஷலும் ஜேம்ஸ் சவுத்தும் 1821 முதல் 1823 வரை 380 இரட்டை, மும்மை விண்மீன்களை அளந்து, முடிவுகளை 1824இல் ராயல் சொசைட்டியின் இதழில் வெளியிட்டனர். இரட்டை விண்மீன்களில் பெரும்பாலும் ஒன்று பிரகாசமாக இருக்கும், துணைமீன் மங்கலாக இருக்கும். தொலைநோக்கியில் அந்தத் துணைமீன் கண்ணுக்குச் சிக்காதபோது, பார்வைப் புலத்தின் வேறொரு பகுதியை நோக்கினால் அது தெளிவாகத் தோன்றுகிறது என்றும், மீண்டும் நேராகப் பார்த்தால் மறைகிறது என்றும் அவர்கள் எழுதினர். அவ்வாறு பார்த்தே தோராயமான அளவீடுகளையும் எடுத்தனர்.

அவர்கள் ஒரு காரணத்தையும் ஊகித்தனர். விழித்திரையின் நடுப்பகுதி நாள் முழுவதும் வலுவான ஒளியைச் சந்தித்தும் ஓயாமல் கவனித்தும் களைத்துப்போகிறது. ஓரப்பகுதி களைப்படையாததால் மங்கலான ஒளியையும் உணர்கிறது என்பது அவர்கள் கருத்து. ஓரப்பகுதிக்கு மங்கலான ஒளியை உணரும் திறன் அதிகம் என்பது சரி. களைப்புதான் காரணம் என்பது சரியல்ல. 'கூர்நோக்கு' வேறு, 'விளக்கம்' வேறு என்று கற்பிக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை. விளக்கம் மாறினாலும் கூர்நோக்கு நிலைத்து நிற்கிறது.

பாரிஸ் வானாய்வகத்தின் இயக்குநராக இருந்த பிரான்சுவா அரகோவும், மிக மங்கலான பொருளைக் காண வேண்டுமென்றால் அதை நேராகப் பார்க்கக் கூடாது என்ற கருத்தைப் பொதுமக்களுக்கான தம் வானியல் நூலில் எழுதினார். புதிர் போன்ற அந்தச் சொல் பின்னாளில் வானியலாளர்களிடையே பழமொழிபோல் ஆயிற்று.

நுங்கம்பாக்கத்தில் கண்ணே கருவியாக

இதெல்லாம் எங்கோ நடந்தது என்று மாணவர்கள் நினைக்க வேண்டியதில்லை. கும்மிடிப்பூண்டியிலிருந்து மின்சார ரயில் ஏறினால் போய்ச் சேரக்கூடிய நுங்கம்பாக்கத்தில், 1792 முதல் மெட்ராஸ் வானாய்வகம் இயங்கியது. இன்று அங்கே வானிலை ஆய்வு மையம் இருக்கிறது. பழைய வானாய்வகத்தின் கருங்கல் தூண் ஒன்று, தமிழ் உள்ளிட்ட பல மொழிகளின் எழுத்துப்பொறிப்புடன் இன்னும் அந்த வளாகத்தில் நிற்கிறது.

1861இல் அதன் பொறுப்பை ஏற்றவர் நார்மன் போக்சன். விண்மீன்களின் பிரகாசத்தை 1, 2, 3 எனத் தரம் பிரிக்கும் பழைய முறைக்குக் கணித அடிப்படை தந்தவர் அவரே. 5 தரம் வேறுபட்டால் ஒளி சரியாக 100 மடங்கு வேறுபடும் என்று 1856இல் அவர் முன்மொழிந்த அளவே இன்றும் நடைமுறையில் உள்ளது. அவருக்கு முதன்மை உதவியாளராக இருந்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867இல் தெற்கு வானில் 'ஆர் ரெட்டிகுலி' என்ற விண்மீனின் ஒளி மாறுபடுவதைக் கண்டறிந்தவர் அவர். 1872இல் இங்கிலாந்தின் ராயல் வானியல் கழகம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. 1874இல் வெள்ளிக்கோள் சூரியனைக் கடந்தபோது, அந்நிகழ்வைப் பொதுமக்களுக்கு விளக்கும் சிறுநூலை நம் நாட்டு மொழிகளில் வெளியிட்டார்.

அந்தக் காலத்தில் விண்மீனின் ஒளியை அளக்க மின்னணுக் கருவி கிடையாது. தொலைநோக்கியில் கண்ணை வைத்து, தெரிந்த தரமுள்ள ஒரு மீனோடு மற்றொன்றை ஒப்பிட வேண்டும். 'ஆர் ரெட்டிகுலி' போன்ற மாறும் விண்மீன்கள் ஒளி குறையும்போது கண்ணுக்கு எட்டாத அளவுக்கு மங்கிவிடும். ஆகவே எந்த மீனை நேராகப் பார்த்தோம், எதைச் சாய்வாகப் பார்த்தோம் என்பது முடிவையே மாற்றிவிடும். ஒன்றை நேராகவும் மற்றொன்றை ஓரப்பார்வையிலும் பார்த்து ஒப்பிட்டால், ஓரத்தில் இருப்பது உண்மையைவிடப் பிரகாசமாகத் தோன்றும். இரண்டையும் ஒரே விதமாகப் பார்த்து ஒப்பிட வேண்டும் என்பது கண்ணால் ஒளியை மதிப்பிடுவோர் இன்றும் பின்பற்றும் விதி.

விளக்கம் வந்த கதை

காரணத்தைக் கண்டவர்கள் வானியலாளர்கள் அல்லர்; உயிரியலாளர்கள். ஜெர்மனியைச் சேர்ந்த மாக்ஸ் ஷுல்ட்சே பல்வேறு உயிரினங்களின் விழித்திரைகளை நுண்ணோக்கியில் ஒப்பிட்டு, 1866இல் தம் முடிவை வெளியிட்டார். ஆந்தை போன்ற இரவுப் பறவைகளின் விழித்திரையில் குச்சி செல்கள் மிகுதி. பகலில் நடமாடும் பறவைகளின் விழித்திரையில் கூம்பு செல்கள் மிகுதி. ஆகவே குச்சி செல்கள் மங்கலான ஒளிக்கும், கூம்பு செல்கள் பகல் ஒளிக்கும் வண்ணத்துக்கும் உரியவை என்றார்.

1876இல் ஃபிரான்ஸ் போல், தவளையின் விழித்திரையில் சிவந்த நிறமி ஒன்று இருப்பதையும், ஒளி பட்டால் அது வெளுத்துவிடுவதையும் கண்டார். இன்று நாம் ரோடாப்சின் என்று அழைக்கும் நிறமி அது. ஒளியில் வெளுத்த ரோடாப்சின் இருட்டில் மெல்ல மெல்ல மீண்டும் உருவாகிறது. இருட்டறைக்குள் நுழைந்ததும் முதலில் ஒன்றும் தெரியாமல் போவதற்கு இது முக்கியக் காரணம். கூம்பு செல்கள் சுமார் 10 நிமிடத்தில் இருட்டுக்குப் பழகிவிடும். குச்சி செல்கள் முழுமையாகப் பழக 30 முதல் 40 நிமிடம் வேண்டும்.

நம் விழித்திரை ஒன்றில் 9 கோடி முதல் 12 கோடி வரை குச்சி செல்களும், 45 முதல் 60 லட்சம் வரை கூம்பு செல்களும் உள்ளன. ஆனால் அவை சீராகப் பரவியிருக்கவில்லை. நேராகப் பார்க்கும்போது பிம்பம் விழும் மையக்குழியில் கூம்பு செல்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அதன் நடுவில் குச்சி செல்களே இல்லை. குச்சி செல்கள் இல்லாத அந்தப் பகுதி, நம் பார்வையில் ஒரு டிகிரிக்குச் சற்றுக் கூடுதலான வட்டம். கையை நீட்டிச் சுண்டுவிரலைப் பிடித்தால் அது மறைக்கும் அகலம் ஏறத்தாழ 1 டிகிரி. அதாவது இருட்டில் நம் ஒவ்வொருவருக்கும் பார்வையின் நட்டநடுவில் சுண்டுவிரல் அகலத்துக்கு ஒரு குருட்டு வட்டம் இருக்கிறது. மங்கலான விண்மீனை நேராகப் பார்ப்பது என்றால் அதைக் கொண்டுபோய் இந்த வட்டத்துக்குள் வைப்பது என்று பொருள். மையத்திலிருந்து விலக விலகக் குச்சி செல்களின் நெருக்கம் கூடி, சுமார் 20 டிகிரி தொலைவில் உச்சத்தை அடைகிறது.

ஓரப்பார்வைக்கு உணர்வு அதிகம், ஆனால் கூர்மை குறைவு. ஏன்? மாணவர்களுக்கு நான் மனு கொடுப்பதை உவமையாகச் சொல்வேன். மையத்தில் உள்ள கூம்பு செல் ஒவ்வொன்றும் தனித்தனி மனு அனுப்புவதுபோலத் தன் செய்தியைத் தனி நரம்புவழி அனுப்புகிறது. எந்த வீட்டுக் கோரிக்கை என்பது தெளிவாகத் தெரியும். ஆனால் ஒருவரின் குரல் மெலிதாக இருந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். குச்சி செல்களோ நூற்றுக்கணக்கில் சேர்ந்து ஒரே மனுவில் கையெழுத்திடுகின்றன. குரல் வலுக்கும்; எந்த வீட்டிலிருந்து வந்தது என்பது தெரியாது. அதனால்தான் ஓரப்பார்வையில் மங்கலான பொருள் இருப்பது தெரிகிறது, அதன் நுண்விவரம் தெரிவதில்லை.

1942இல் அமெரிக்காவில் ஹெக்ட், ஷ்லேர், பிரென் ஆகிய மூவரும் மனிதக் கண் உணரும் மிகக் குறைந்த ஒளியை அளந்தனர். விழித்திரையில் 5 முதல் 14 ஒளித்துகள்கள் உறிஞ்சப்பட்டாலே போதும், ஒளியைக் கண்டதாக மனிதர் சொல்கிறார் என்பது அவர்கள் முடிவு. அந்தச் சோதனையில் ஒளியைக் கண்ணுக்கு நேராகக் காட்டவில்லை. பார்வையின் மையத்திலிருந்து 20 டிகிரி விலக்கிக் காட்டினர். அரிஸ்டாட்டில் எழுதிவைத்த உத்தி ஆய்வுக்கூடத்துக்குள்ளும் வந்துவிட்டது.

நம் பகுதி வானம்

இவ்வளவையும் கும்மிடிப்பூண்டியிலிருந்து எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. சிப்காட் வளாகத்தின் விளக்குகள், உருக்காலைகளின் வெளிச்சம், தேசிய நெடுஞ்சாலையின் விளக்குக் கம்பங்கள், தெற்கே எண்ணூர் முதல் சென்னை வரையிலான ஒளி ஆகியவற்றால் எங்கள் இரவு வானம் சாம்பல் நிறத்திலேயே இருக்கிறது. காற்றில் உள்ள புகையும் தூசியும் அந்த ஒளியைச் சிதறடித்து வானம் முழுவதும் பரப்புகின்றன. நல்ல இருட்டில் ஒரே நேரத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களைக் காணலாம். எங்கள் பிள்ளைகள் பலர் சில பத்து மீன்களைத்தான் கண்டிருக்கிறார்கள். வெளியூர்களிலிருந்தும் வேலை தேடி ஆட்கள் வரும் ஊர். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த குடும்பங்களின் பிள்ளைகள் என் வகுப்பில் உண்டு. "எங்க ஊர்ல நிறைய மீன் இருக்கும், இங்க இல்ல" என்று அவர்கள் சொல்வார்கள். மீன்கள் இங்கும் இருக்கின்றன, வெளிச்சத்தில் மூழ்கியிருக்கின்றன.

ஓரப்பார்வை இதற்கு முழு மருந்து அல்ல. வானமே வெளுத்திருந்தால் எந்தக் கண்ணும் ஓரளவுக்கு மேல் காண முடியாது. ஆனால் வெளிச்சம் மிகுந்த ஊரில் வளரும் பிள்ளைக்கு, பார்க்கத் தெரிவதும் தெரியாததும் பெரிய வேறுபாட்டைத் தரும். தெருவிளக்கை மறைக்கும் ஒரு சுவர், அரை மணி நேரப் பொறுமை, பார்வையைச் சற்று விலக்கும் பழக்கம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் அதே மொட்டைமாடியிலிருந்து மேலும் பல மீன்கள் தெரியும். கிழக்கே பழவேற்காடு ஏரிப் பக்கம் உள்ள ஊர்களின் பிள்ளைகளுக்கு இன்னும் நல்ல வாய்ப்பு.

வகுப்பறையில் பகலில் செய்யக்கூடியவை

1. செய்தித்தாளில் ஒரு சொல்லின் மீது பார்வையை நிறுத்தி, கண்ணை அசைக்காமல் இருபுறமும் எத்தனை சொற்களைப் படிக்க முடிகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று சொற்களுக்கு மேல் முடியாது. கூர்மை மையத்தில் மட்டுமே உள்ளது என்பது விளங்கும்.

2. நேராகப் பார்த்து அமர்ந்திருக்கும் மாணவரின் பின்புறமிருந்து வண்ணச் சுண்ணக்கட்டி ஒன்றை மெல்லப் பக்கவாட்டில் முன்னே கொண்டுவாருங்கள். ஏதோ வருகிறது என்பது முதலில் தெரியும். என்ன நிறம் என்பது பிறகுதான் தெரியும்.

3. தாளில் இடப்பக்கம் ஒரு கூட்டல் குறியும், அதிலிருந்து 8 செ.மீ. வலப்பக்கம் ஒரு பெரிய புள்ளியும் வரையுங்கள். இடக்கண்ணை மூடி, வலக்கண்ணால் கூட்டல் குறியைப் பார்த்தபடி தாளைச் சுமார் 30 செ.மீ. தொலைவுக்குக் கொண்டுவந்தால் புள்ளி மறையும். பார்வை நரம்பு வெளியேறும் குருட்டுப்புள்ளி அது. மையத்திலிருந்து சுமார் 15 டிகிரி காதுப்பக்கம் இருக்கிறது. ஒற்றைக் கண்ணால் தொலைநோக்கியில் பார்க்கும்போது மங்கலான பொருளைக் காதுப்பக்கம் விடாமல் மூக்குப்பக்கம் வருமாறு வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்குக் காரணமும் இதுவே.

இரவில் செய்யக்கூடியவை

இரவுப் பணியை வீட்டில், பெரியவர் ஒருவர் துணையுடன், மொட்டைமாடியிலோ முற்றத்திலோ மட்டும் செய்யச் சொல்லுங்கள். வயல்வெளிக்கோ சாலையோரத்துக்கோ போகத் தேவையில்லை. ஷிப்ட் முடிந்து வரும் அப்பாவும் அம்மாவும் பாட்டியும் கூடச் சேர்ந்து எண்ணலாம்.

தெருவிளக்கு நேரே கண்ணில் படாதபடி தண்ணீர்த் தொட்டியின் மறைவில் அமரச் சொல்லுங்கள். மறைவு இல்லையென்றால் தலைமீது துண்டைப் போட்டுக்கொள்ளலாம். குறைந்தது அரை மணி நேரம் கைப்பேசியைப் பார்க்கக் கூடாது. ஒருமுறை திரையைப் பார்த்தாலும் பழகிய கண் வீணாகிவிடும். குறிப்பெழுத டார்ச் தேவைப்பட்டால் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிய மங்கலான ஒளி போதும். சிவப்பு ஒளியைக் குச்சி செல்கள் மிகக் குறைவாகவே உணர்வதால் இருட்டுப் பழக்கம் அதிகம் கெடாது.

பிறகு பொருளை நேராகப் பார்க்காமல், அதற்கு ஒரு கைமுட்டி அளவு மேலே பார்க்கச் சொல்லுங்கள். நீட்டிய கையின் முட்டி ஏறத்தாழ 10 டிகிரி. எந்தத் திசையில் விலக்கினால் தங்களுக்கு நன்றாகத் தெரிகிறது என்பதை ஒவ்வொருவரும் தாமே கண்டறியட்டும். முதல் நாளே இது கைவராது. கண் தானாகவே பொருளை நோக்கித் திரும்பும். அதை அடக்கப் பழக வேண்டும்.

தொடக்கநிலை வகுப்புகளுக்குக் கார்த்திகைக் கூட்டமே போதும். சங்க இலக்கியம் இதை அறுமீன் என்று குறிப்பிடுகிறது. கார்த்திகைத் தீபத்தன்று எண்ண வேண்டாம். அன்று முழுநிலவு அந்தக் கூட்டத்தின் அருகிலேயே நிற்கும். ஒரு வாரம் கழித்து, நிலவு எழுவதற்கு முந்தைய முன்னிரவில் எண்ணலாம். நேராகப் பார்க்கும்போது எத்தனை, விலக்கிப் பார்க்கும்போது எத்தனை என்று இரண்டு எண்களை எழுதிவரச் சொல்லுங்கள். உயர்நிலை மாணவர்கள் மாசி, பங்குனி மாதங்களில் கடக ராசியில் பூச நட்சத்திரப் பகுதியில் உள்ள விண்மீன் திரளைத் தேடலாம். நேர்ப்பார்வைக்கு ஒன்றுமில்லாத இடத்தில் ஓரப்பார்வைக்கு ஒரு வெண்புகை தெரியும். இருட்டான ஊர்களில் கார்த்திகை மாத முன்னிரவில் ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலமும் கிடைக்கும். அதன் ஒளி புறப்பட்டு நம்மை வந்தடைய 25 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன.

தெரியவில்லை என்று சொல்லும் பிள்ளை

இந்தச் செயல்பாட்டில் நாம் மிகவும் கவனிக்க வேண்டியது, "எனக்கு ஒண்ணுமே தெரியல சார்" என்று சொல்லும் பிள்ளையை. அதைக் கவனக்குறைவு என்று ஒதுக்கிவிடக் கூடாது. தொலைவில் உள்ளது மட்டும் மங்கலாகத் தெரிகிறது என்றால் கிட்டப்பார்வையாக இருக்கலாம். பொழுது சாய்ந்ததும் தடுமாறுகிறது, பொருள்மீது மோதுகிறது, கூடப் பிறந்தவர் கையைப் பிடித்தே நடக்கிறது என்றால் மாலைக்கண் நோயாக இருக்கலாம்.

ரோடாப்சின் உருவாக வைட்டமின் ஏ வேண்டும். அது குறைந்தால் முதலில் பாதிக்கப்படுவது குச்சி செல்களின் வேலைதான். இந்தியாவில் இதைத் தடுக்க 1970 முதல் தேசியத் திட்டம் நடைமுறையில் உள்ளது. 9 மாதம் முதல் 5 வயது வரையிலான குழந்தைகளுக்கு 6 மாதத்துக்கு ஒருமுறை வைட்டமின் ஏ சொட்டுமருந்து தரப்படுகிறது. குடும்பம் இடம்பெயர்ந்துகொண்டே இருந்தால் சில தவணைகள் விடுபட்டுப்போகலாம். முருங்கைக்கீரை, பப்பாளி, மாம்பழம், முட்டை ஆகியவற்றைப் பற்றி நாம் பாடத்தில் சொல்வது இந்தப் பிள்ளைகளுக்கு வெறும் பாடம் அல்ல. வைட்டமின் குறைபாடு இல்லாமலும், பரம்பரையாக வரும் விழித்திரை நோய்களால் இரவுப்பார்வை குறையலாம். ஆகவே நாமே முடிவு கட்டாமல் பெற்றோரிடம் பேசி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவின் பார்வைக்கோ அனுப்ப வேண்டும். வகுப்பில் எல்லார் முன்னிலையிலும் கேட்காமல், தனியே அழைத்துக் கேட்பது நல்லது.

முதலில் காணட்டும்

கூம்பு செல், குச்சி செல் ஆகியவற்றின் வேறுபாடுகளை அட்டவணையாக எழுதச் சொன்னால் நம் மாணவர்கள் எழுதிவிடுவார்கள். ஆனால் வரலாற்றில் அட்டவணை கடைசியில்தான் வந்தது. முதலில் ஒருவர் மங்கலான ஒளியைக் கண்டு வியந்தார். பிறகு சிலர் அதை முறையாகப் பயன்படுத்தினர். ஒரு தவறான காரணம் வந்தது. அதன்பின் சரியான காரணம் வந்தது. பாடத்தையும் இதே வரிசையில் நடத்தினால், தான் கண்டதற்கு விளக்கம் தேடும் மாணவராகப் பிள்ளை அந்த அட்டவணைக்கு வந்து சேரும்.

இதற்கு நிதி ஒதுக்கீடு வேண்டாம், தொலைநோக்கி வேண்டாம். வளாகத்தின் இரவு விளக்குகள் வானத்தை நோக்கிச் சிதறாமல் தரையை நோக்கி இருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துச் சரிசெய்தால், பள்ளியைச் சுற்றியுள்ள வீடுகளுக்கு அதுவே ஒரு நன்மை. வரும் அமாவாசையை ஒட்டிய வாரத்தில் உங்கள் வகுப்பிலும் ஒருமுறை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு எண்களையும் ஊர்ப் பெயரோடு சேர்த்துக் கரும்பலகையில் எழுதினால், மறுநாள் அறிவியல் பாடவேளைக்கு வேறு தொடக்கம் தேவைப்படாது.